பழைய இமெயில் பெட்டியை மூடப் போகிறார்கள்: 20 வருடக் கடிதங்களைத் திகதி கெடாமல் புதிய முகவரிக்குக் கொண்டுபோவது எப்படி?

மூலப்பிரதி | வெள்ளவத்தை | 9ஆம் திகதி, இரவு 9:52

வணக்கம். நான் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர். பிறப்பு, விவாக, இறப்புச் சான்றிதழ், காணி உறுதி, பொலிஸ் முறைப்பாடு என்று தமிழிலும் சிங்களத்திலும் வருவதை ஆங்கிலமாக்கி, கையெழுத்தும் முத்திரையும் வைத்துக் கொடுப்பது தொழில். கம்பியூட்டர் என் துறை இல்லை என்பதை முதலே சொல்லிவிடுகிறேன்.

2005 ஓகஸ்ட் முதல் எனக்கு ஒரே இமெயில் முகவரிதான். வீட்டுக்கு இன்டர்நெட் இணைப்புத் தந்த நிறுவனம் இனாமாகக் கொடுத்தது. வாசல் போர்டிலும் அதுதான், விசிட்டிங் கார்டிலும் அதுதான். போன மாதம் வேறு இணைப்புக்கு மாறினேன். வயர் இழுக்க வந்த பையன் போகிற போக்கில், "பழைய கணக்கு மூடினால் அந்த இமெயிலும் போய்விடும் அங்கிள்" என்றான். போன் எடுத்துக் கேட்டேன். ஓம், இந்த மாதம் 30 வரைக்கும்தான் திறந்திருக்குமாம். இருபது வருடம் சோறு போட்ட முகவரி, சொன்னது வயர் இழுக்கிற பையன்.

பெட்டியில் 11.4 ஜிபி இருக்கிறது. 23 போல்டர், 41 ஆயிரத்துச் சொச்சம் கடிதம். புதிதாகச் சொந்தமாக ஒரு டொமைன் வாங்கி, 25 ஜிபி பெட்டியும் எடுத்துவிட்டேன். இரண்டு பக்கமும் ஐமேப் (கடிதங்களைச் சேர்வரில் வைத்தபடியே பார்க்கும் முறை) வேலை செய்கிறது.

மெயில் பார்க்கும் நிரலில் இரண்டு கணக்கையும் திறந்து, இங்கே பிடித்து அங்கே இழுத்துப் போட்டுப் பார்த்தேன். 1,300 கடிதத்தோடு நின்றுவிட்டது. எது போனது எது போகவில்லை என்று அது சொல்லவும் இல்லை. அதைவிட மோசம், போனில் புதிய பெட்டியைத் திறந்தால் 2008ஆம் ஆண்டுக் கடிதம் எல்லாம் "இன்று" என்று நிற்கிறது. எனக்குத் திகதிதான் முக்கியம். "2011இல் நீங்கள் செய்து தந்த மொழிபெயர்ப்பு, குடிவரவில் திரும்பக் கேட்கிறார்கள்" என்று டொரொன்டோவிலிருந்து போன் வரும். நான் திகதியைப் பிடித்துத்தான் தேடுவேன்.

லப்டொப்பில் பெறாமகன் உபுண்டு போட்டுத் தந்துவிட்டு மெல்பேர்ன் போய்விட்டான். கறுப்புத் திரையில் போல்டருக்குள் போக, பட்டியல் பார்க்க, கொப்பி எடுக்கத் தெரியும். அதற்கு மேல் யாராவது சொன்னால் அப்படியே தட்டுவேன். ஒரே பயம், இந்த விஷயத்தில் எல்லோரும் "மூவ்" என்ற சொல்லைப் பாவிக்கிறார்கள். என் தொழிலில் மூலம் கையை விட்டுப் போகாது, பிரதிதான் போகும்.


இடியப்பச்சிக்கல் | கொட்டாஞ்சேனை | 9ஆம் திகதி, இரவு 11:15

ஐயா, நீங்கள் தேடுவது இமேப்சிங்க். லாமிரால் என்ற பிரெஞ்சுக்காரர் பெர்ல் மொழியில் எழுதி இன்றும் பராமரிக்கிற நிரல். பயப்பட வேண்டாம், அது மூவ் பண்ணாது. நீங்களாகக் கேட்டால் ஒழிய ஒரு கடிதத்தையும் அழிக்காது. அழிக்கச் சொல்லும் தெரிவுகள் டிலீட்1, டிலீட்2 என்று இரண்டு உண்டு. அந்தப் பெயர்களைக் கண்ணால் பார்த்தாலும் கையால் தொடாதீர்கள். டிலீட்1 பழைய பெட்டியில் அழிக்கும். டிலீட்2 இன்னும் பொல்லாதது: பழைய பெட்டியில் இல்லாததெல்லாம் புதிய பெட்டியிலிருந்து போய்விடும்.

உபுண்டுவின் வழக்கமான களஞ்சியத்தில் தேடினால் கிடைக்காது. டொக்கர் (ஒரு நிரலை அதற்கு வேண்டிய எல்லாவற்றோடும் ஒரே மூட்டையாக ஓட்டும் வசதி) இருந்தால் அதிகாரபூர்வ படிமத்தை, அதாவது அந்த மூட்டையை, இறக்குவது லேசு. இல்லாவிட்டால் பெர்ல் மொடியூல் ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டிருக்க வேண்டும், அது ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தின்னும்.

கட்டளை பார்க்கத்தான் நீளம், உள்ளே இருப்பது ஆறு விடைதான். எல்லாத் தெரிவுக்கும் முன்னால் இரண்டு சிறு கோடு. ஹோஸ்ட்1, யூசர்1, பாஸ்ஃபைல்1 மூன்றும் பழைய பெட்டிக்கு. அதே மூன்று, எண் 2 போட்டு, புதிய பெட்டிக்கு. பாஸ்வேர்ட்1 என்றும் ஒரு தெரிவு இருக்கிறது, ஆனால் அதைப் பாவித்தால் உங்கள் பாஸ்வேர்ட் ஷெல்லின் (கறுப்புத் திரையில் கட்டளையை வாங்கி ஓட்டும் நிரல்) வரலாற்றில் கிடக்கும், ஓடிக்கொண்டிருக்கும் நிரல்களின் பட்டியலிலும் தெரியும். பாஸ்வேர்டில் டொலர் குறியோ ஆச்சரியக்குறியோ இருந்தால் ஷெல் அதை வேறு ஏதோவாக வாசித்துத் தொலைக்கும். ஆகவே பாஸ்வேர்டை மட்டும் ஒரு சிறு கோப்பில் எழுதி, உங்களைத் தவிர யாரும் வாசிக்க முடியாதபடி அனுமதியை 600 ஆக்கிவிட்டு, கோப்பின் பெயரைப் பாஸ்ஃபைலுக்குக் கொடுங்கள்.

முதல் ஓட்டத்தில் கடைசியில் ஜஸ்ட்லொகின் சேர்த்துத் தட்டுங்கள். இரண்டு பக்கமும் கதவு திறக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு நின்றுவிடும். இரண்டாவது, ஜஸ்ட்போல்டர்சைஸஸ். எந்தப் போல்டரில் எத்தனை கடிதம், எத்தனை பைட் என்று எழுதித் தரும். அதைப் பிரின்ட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், பிறகு ஒப்பிட வேண்டி வரும். மூன்றாவது, ட்ரை. செய்வதுபோல எல்லாம் காட்டும், ஒன்றும் செய்யாது. அது திருப்தி என்றால் ட்ரையை எடுத்துவிட்டு, ஓட்டோமேப்பைச் சேர்த்து ஓடவிடுங்கள். பழைய சேர்வரில் அனுப்பிய கடிதங்களின் போல்டர் ஒரு பெயரிலும் புதியதில் இன்னொரு பெயரிலும் இருக்கும். ஓட்டோமேப் இல்லாவிட்டால் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் வந்து நிற்கும்.

திகதி விஷயம் இதுதான். ஒவ்வொரு கடிதத்துக்கும் இரண்டு திகதி. ஒன்று கடிதத்தின் தலைப்பிலேயே எழுதியிருப்பது, அது மாறாது. மற்றது சேர்வர் "இது என்னிடம் எப்போது வந்தது" என்று தன் பதிவேட்டில் போட்டுக்கொள்வது. தபால் கந்தோர் முத்திரை மாதிரி. உங்கள் போன் முத்திரையைப் பார்க்கிறது, நீங்கள் இழுத்துப் போட்டபோது இன்றைய முத்திரை விழுந்துவிட்டது. இமேப்சிங்க் பழைய முத்திரையையும் சேர்த்தே கொண்டுபோகும், அதற்குத் தனியாக ஒன்றும் கேட்க வேண்டியதில்லை. ஆனால் நீங்கள் இழுத்துப் போட்ட 1,300ஐ முதலில் புதிய பெட்டியிலிருந்து அழித்துவிடுங்கள். இல்லாவிட்டால் "இது ஏற்கெனவே இருக்கிறது" என்று தாண்டிப் போய்விடும், பிழையான முத்திரையோடேயே கிடக்கும்.

இடையில் கரண்ட் போனால் அதே கட்டளையைத் திரும்பத் தட்டுங்கள். மெசேஜ் ஐடி முதலான தலைப்புகளை ஒப்பிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடரும். இரட்டை விழாது.


தெமட்டகொட_சந்தி | 10ஆம் திகதி, காலை 6:40

இவ்வளவு பாடுபடுவதற்கு ஜிமெயிலில் போட்டுவிட்டால் என்ன? இனாம்தானே.


இடியப்பச்சிக்கல் | 10ஆம் திகதி, காலை 8:05

போடலாம். 15 ஜிபி இனாம், ஆனால் அது டிரைவுக்கும் படங்களுக்கும் சேர்த்து. ஐயாவுடைய 11.4 உள்ளே போனால் மிச்சம் எவ்வளவு என்று பாருங்கள். அதைவிட, ஐமேப் வழியாக ஒரு நாளைக்கு 500 எம்பிதான் மேலே ஏற்ற விடுவார்கள். 11.4 ஜிபிக்கு 23 நாள். இன்று 10, பெட்டி மூடுவது 30. சாதாரண பாஸ்வேர்டும் அங்கே எடுபடாது, இரண்டு படிச் சரிபார்ப்பைப் போட்டு 16 எழுத்து ஆப் பாஸ்வேர்ட் எடுக்க வேண்டும்.

இனாமாகக் கிடைத்த முகவரிதானே இப்போது போகிறது. டொமைன் அவருடையது என்றால் நாளைக்குப் பெட்டி வைக்கும் கம்பனியை மாற்றினாலும் முகவரி மாறாது.


பாணும்பருப்பும் | தெஹிவளை | 10ஆம் திகதி, மதியம் 12:30

அக்கா சொன்னது சரி, ஆனால் ஒழுங்கு பிழை. முதலில் கடிதங்கள் அண்ணையுடைய ஹார்ட் டிஸ்க்குக்கு வர வேண்டும். சேர்வரிலிருந்து சேர்வருக்கு என்றால் இரண்டுமே இன்னொருவர் வீட்டில்தான் இருக்கின்றன. பழைய கம்பனி 30 என்று சொல்லிவிட்டு 27இல் மூடினால்? எனக்கு அப்படி நடந்தது, யார் என்று சொல்ல மாட்டேன்.

அதற்கு எம்பிசிங்க். இது உபுண்டுவில் உண்டு, ஆனால் பொதியின் பெயர் ஐசிங்க், தட்ட வேண்டிய கட்டளையின் பெயர் எம்பிசிங்க். இது தெரியாமல் நான் ஒரு பின்னேரம் முழுக்க இழந்தேன். வீட்டுப் போல்டரில் புள்ளியில் தொடங்கும் அமைப்புக் கோப்பு ஒன்று எழுத வேண்டும். அதில் "ஃபார்" என்பது தூரத்து சேர்வர், "நியர்" என்பது உங்கள் டிஸ்க். பழைய வழிகாட்டிகளில் மாஸ்டர், ஸ்லேவ் என்று இருக்கும், 1.4 பதிப்பில் பெயரை மாற்றிவிட்டார்கள். கவனிக்க வேண்டியது நாலுதான். சிங்க் என்ற வரியில் புல் என்று போடுங்கள், அப்போது ஓட்டம் ஒரு பக்கம்தான், சேர்வரில் ஒன்றும் மாறாது. கிரியேட் வரியில் நியர். சப்போல்டர்ஸ் வரியில் வெர்பாட்டிம், இல்லாவிட்டால் போல்டருக்குள் போல்டர் வந்ததும் முறைக்கும். கொப்பிஅரைவல்டேட் வரியில் யெஸ். இந்தக் கடைசி வரிதான் அக்கா சொன்ன தபால் முத்திரை, இங்கே அது தானாக வராது, கேட்டால்தான் வரும்.

முடிந்ததும் ஒவ்வொரு கடிதமும் தனித்தனிக் கோப்பாக டிஸ்க்கில் இருக்கும். மெயில்டிர் என்று பெயர். எந்த எடிட்டரிலும் திறந்து வாசிக்கலாம், எண்ணலாம், கிரெப் என்ற கட்டளை போட்டுச் சொல் தேடலாம்.

டேட்டா கணக்கும் பாருங்கள். டிஸ்க்குக்கு இறக்க 11.4 ஜிபி. பிறகு இமேப்சிங்க் உங்கள் லப்டொப் வழியாக இறக்கி ஏற்றுவதற்கு இன்னொரு 11.4 கீழே, 11.4 மேலே. மொத்தம் 34க்கு மேல். பொதியில் இரவு டேட்டா தனியாக இருந்தால் இரவில் விடுங்கள். மேலேற்றம் 5 எம்பிபிஎஸ் என்றால் ஏற்றுவதற்கு மட்டும் ஐந்து மணி நேரம் பிடிக்கும், கடிதத்துக்குக் கடிதம் சேர்வரைக் கேட்டு விடை வாங்கும் நேரம் வேறு. டீமக்ஸுக்குள் ஓட்டுங்கள், தவறுதலாக ஜன்னலை மூடினாலும் உள்ளே ஓடிக்கொண்டிருக்கும்.


மூலப்பிரதி | 12ஆம் திகதி, இரவு 10:20

இடியப்பச்சிக்கல் தம்பிக்கும் பாணும்பருப்பும் தம்பிக்கும் நன்றி. மூலத்தை முதலில் வீட்டுக்குக் கொண்டுவரச் சொன்னது எனக்குப் பிடித்தது, அதையே முதலில் செய்தேன்.

செய்ததில் ஒரு முட்டு. லப்டொப்பில் இடம் போதாது என்று பம்பலப்பிட்டியில் யூனிட்டி பிளாஸாவுக்குப் போய் ஒரு வெளி ஹார்ட் டிஸ்க் வாங்கி வந்தேன். எம்பிசிங்க் ஓடத் தொடங்கி முதல் கடிதத்திலேயே கோப்பை உருவாக்க முடியவில்லை என்று நின்றது. டிஸ்க் பழுதோ என்று ஒரு படத்தைக் கொப்பி பண்ணினேன், போகிறது. எழுத்துக் கோப்பும் போகிறது. கடிதம் மட்டும் போகாது. இரண்டு நாளாக இதே கதை.

இன்னொன்று, லப்டொப் பற்றரி 2022இல் 13 மணி நேரம் கரண்ட் வெட்டிய காலத்தோடு செத்துவிட்டது. பிளக்கில்தான் ஓடுகிறது. ஆகவே டீமக்ஸ் இருந்தும் கரண்ட் போனால் எல்லாம் போகும்.


பாணும்பருப்பும் | 12ஆம் திகதி, இரவு 10:41

அண்ணை, டிஸ்க் பழுதில்லை. கடையில் வரும் வெளி டிஸ்க் பெரும்பாலும் விண்டோஸுக்குப் பொருந்தும்படி எக்ஸ்ஃபட் வடிவில் இருக்கும். மெயில்டிர் ஒவ்வொரு கோப்புப் பெயரின் கடைசியிலும் ஒரு முக்காற்புள்ளி போட்டு, அதற்குப் பிறகு வாசித்ததா, பதில் போட்டதா என்ற குறியை வைக்கும். எக்ஸ்ஃபட் வடிவில் கோப்புப் பெயருக்குள் முக்காற்புள்ளி வரக் கூடாது. அதுதான் படம் போகிறது, கடிதம் போகவில்லை. நான் முதலே கேட்டிருக்க வேண்டும்.

இரண்டு வழி. டிஸ்க்கை லினக்ஸ் வடிவுக்கு மாற்றுவது ஒன்று, ஆனால் அப்புறம் அதை விண்டோஸ் மெஷினில் செருகினால் வாசிக்காது. மற்றது, அமைப்புக் கோப்பில் இன்ஃபோடிலிமிட்டர் என்று ஒரு வரி சேர்த்து அதற்கு அரைப்புள்ளி கொடுப்பது. இந்தச் சிக்கலுக்காகவே வைத்திருக்கிற தெரிவு அது. ஆனால் மற்ற நிரல்கள் முக்காற்புள்ளியைத்தான் எதிர்பார்க்கும். லப்டொப்பில் எப்படியாவது 12 ஜிபி இடம் கண்டுபிடித்து அங்கேயே இறக்கி, பிறகு டார் போட்டு ஒரே கோப்பாக்கி வெளி டிஸ்க்கில் வைப்பது என் விருப்பம். டார் கோப்புக்குள் என்ன பெயர் இருந்தாலும் எக்ஸ்ஃபட்டுக்குக் கவலையில்லை. திகதிகளும் அப்படியே இருக்கும். கோப்புகளைத் தனியாகக் கொப்பி பண்ணுவதென்றால் சும்மா சிபி என்ற கொப்பிக் கட்டளை மட்டும் போடாதீர்கள், கூட ஒரு சிறு கோடும் ஏயும் போடுங்கள், இல்லாவிட்டால் எல்லாக் கோப்பும் இன்றைய திகதிக்கு மாறிவிடும்.


இடியப்பச்சிக்கல் | 12ஆம் திகதி, இரவு 11:02

ஐயா, நான் தம்பி இல்லை, தங்கச்சி.


மூலப்பிரதி | 16ஆம் திகதி, காலை 7:15

தங்கச்சி, மன்னிக்க வேண்டும். பாணும்பருப்பும் தம்பி முதலே அக்கா என்று எழுதியிருக்கிறார், நான்தான் கவனிக்கவில்லை. இருபத்தெட்டு வருடமாக மற்றவர்களுடைய ஆவணங்களில் பால் என்ற கூட்டை நிரப்புகிறவன் செய்த பிழை இது.

லப்டொப்பில் பழைய படங்களை வெளி டிஸ்க்குக்கு மாற்றி இடம் எடுத்தேன். இரண்டு இரவில் எம்பிசிங்க் முடிந்தது. நடுவில் ஒரு தடவை கரண்ட் போனது, திரும்பத் தட்டினேன், தொடர்ந்தது.

இப்போது எண்ணிக்கை. சேர்வரில் 41,386. டிஸ்க்கில் ஃபைன்ட் போட்டு எண்ணினால் 41,409. குறைந்தால் விளங்கும், கூடினால்? பிரதி எங்கேயாவது மூலத்தைவிடப் பெரிதாக இருக்குமா? எங்கள் வேலையில் ஒரு சொல் கூடினாலே தூதரகத்தில் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

இமேப்சிங்க்கும் நேற்று இரவு முடிந்தது. அங்கே கணக்கு மற்றப் பக்கம் போகிறது, புதிய பெட்டியில் 41,122. மூலத்தைவிட 264 குறைவு. இந்த 264 எங்கே?


பாணும்பருப்பும் | 16ஆம் திகதி, காலை 9:30

உங்களிடம் 23 போல்டர் என்று முதலே சொன்னீர்கள். 41,409இல் 23ஐக் கழியுங்கள். எம்பிசிங்க் ஒவ்வொரு போல்டருக்குள்ளும் தன் பாட்டுக்கு ஒரு மறைந்த கோப்பு வைக்கும், அதில் கடிதங்களின் வரிசை எண் கணக்கு இருக்கும். அது கடிதம் இல்லை. எண்ணும்போது கர், நியூ என்ற உட்போல்டர்களில் உள்ளதை மட்டும் எண்ணுங்கள்.


இடியப்பச்சிக்கல் | 16ஆம் திகதி, இரவு 9:10

264க்கு விடை லொக் கோப்பில் இருக்கும். நீங்கள் கட்டளை தட்டிய இடத்திலேயே லொக் போல்டர் ஒன்று உருவாகியிருக்கும், கடைசிக் கோப்பைத் திறந்து அடியிலிருந்து மேலே வாசியுங்கள். இரண்டு காரணம் இருக்கலாம்.

ஒன்று, ஒரே போல்டருக்குள் ஒரே கடிதம் இரண்டு தடவை கிடப்பது. இமேப்சிங்க் ஒன்றைத்தான் கொண்டுபோகும். இது இழப்பு இல்லை.

மற்றது கவனிக்க வேண்டியது. அது கடிதத்தை அடையாளம் காண்பது தலைப்பை வைத்து. தலைப்பு ஒழுங்காக இல்லாத கடிதங்கள், பெரும்பாலும் எழுதி முடிக்காத வரைவுகள், பழைய மெயில் நிரல் சேமித்த சில அனுப்பிய கடிதங்கள், இவற்றுக்கு அடையாள அட்டை இல்லை. அடையாள அட்டை இல்லாதவரை எல்லை தாண்ட விடாது. அட்ஹெடர் என்ற தெரிவைச் சேர்த்துத் திரும்ப ஓட்டுங்கள். அது தானாக ஒரு அடையாளம் எழுதிக் கொடுத்துக் கொண்டுபோகும்.


மூலப்பிரதி | 17ஆம் திகதி, இரவு 8:45

லொக்கில் பார்த்தேன். 231 இரட்டை, 33 அட்டை இல்லாதது. கூட்டினால் 264. அட்ஹெடர் போட்டு ஓட்டினேன், இப்போது புதிய பெட்டியில் 41,155. கல்குலேட்டரில் இரண்டு தடவை தட்டிப் பார்த்தேன். நிம்மதி.

அந்த 33இல் ஒன்று 2009 மே மாதத்தில் அண்ணருக்கு எழுதத் தொடங்கி அனுப்பாமல் விட்ட கடிதம். அதில் ஒரு வரிதான் இருக்கிறது. அது வந்ததற்குத் தனியாக நன்றி.

தொழில் பழக்கத்தில் போல்டருக்கு ஐந்து கடிதம் எடுத்து, பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டேன். 2005 கடிதங்களில் நேரத்துக்குப் பக்கத்தில் +0600 என்று இருக்கிறது, புதியவற்றில் +0530. அரை மணி நேரம் எங்கேயோ போய்விட்டது என்று ஒருகணம் நெஞ்சு திக்கென்றது. பிறகுதான் ஞாபகம் வந்தது. 2006 ஏப்ரல் 15ஆம் திகதி, புதுவருடத்தோடு, மணிக்கூட்டை அரை மணி பின்னுக்குத் திருப்பினோமே. அதற்கு முதல் பத்து வருடம் நாங்கள் இந்தியாவைவிட முந்தி நடந்தவர்கள். மூலத்தில் உள்ளபடியே பிரதியிலும் இருக்கிறது, சரி.

இனி என் அடுத்த தலையிடி. டிஸ்க்கில் உள்ள கடிதங்களில் கிரெப் போட்டுத் "தோம்பு" என்று தேடினால் ஒன்றும் வரவில்லை. காணி ஆவணம் இல்லாத மாதம் எனக்கு இல்லை, அந்தச் சொல் நூறு கடிதத்திலாவது இருக்க வேண்டும். அதோடு, அண்ணர் 2010 வரைக்கும் பாமினி எழுத்துருவில்தான் எழுதுவார். அந்தக் கடிதங்கள் போனில் திறந்தால் ஆங்கில எழுத்துக் குப்பை. நகர்த்தியதில் கெட்டதா?


பாணும்பருப்பும் | 18ஆம் திகதி, காலை 7:50

கெடவில்லை. இரண்டுக்கும் இரண்டு வெவ்வேறு காரணம், கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

யூனிகோடில் எழுதிய தமிழ்க் கடிதம் போகும்போது தமிழாகப் போவதில்லை. இமெயில் பிறந்த காலத்தில் ஆங்கில எழுத்து மட்டும்தான் பாதுகாப்பாகப் போகும் என்று இருந்ததால், மற்றதெல்லாம் பேஸ்64 என்ற மூட்டையாகக் கட்டிப் போகும். ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு 3 பைட், மூட்டை கட்டினால் 4 எழுத்து. நீங்கள் ஸ்கேன் பண்ணி அனுப்பிய சான்றிதழ்களும் அப்படித்தான், உங்கள் 11.4 ஜிபியில் ஒரு பங்கு இந்த மூட்டைக்கயிறுதான். கிரெப் மூட்டையை அவிழ்க்காது, வெளியிலிருந்து பார்க்கும். உள்ளே தோம்பு இருந்தும் அதற்குத் தெரியாது.

அவிழ்த்துத் தேட நொட்மச் போடுங்கள், உபுண்டுவில் உண்டு. நொட்மச் நியூ என்று ஒரு தடவை தட்டினால் எல்லாக் கடிதத்தையும் வாசித்து அட்டவணை போடும். பிறகு நொட்மச் சேர்ச் என்று தட்டி, சொல்லைத் தமிழிலேயே எழுதுங்கள். ஆனால் தமிழ் வேற்றுமை உருபெல்லாம் அதற்குத் தெரியாது, "தோம்பு" என்றால் "தோம்பில்" வராது. "தோம்ப்" என்று போட்டு நட்சத்திரம் வைத்தால் "தோம்பு" வராது. "தோம்" வரை எழுதி நட்சத்திரம் வையுங்கள், "தோம்பு", "தோம்பில்", "தோம்பின்" எல்லாம் வரும்.

பாமினி நேர் எதிர். அது யூனிகோட் இல்லை, ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் உடுப்புப் போட்ட எழுத்துரு. உடுப்பு உங்கள் பழைய கம்பியூட்டரில் இருந்தது, போனில் இல்லை. கடிதத்துக்குள் எப்போதும் ஆங்கில எழுத்துதான் இருந்தது. ஆகவே இதற்கு நொட்மச் சரிவராது. பாமினியில் மெய்யெழுத்தின் புள்ளியைப் போடுவது அரைப்புள்ளி விசை, நொட்மச் அரைப்புள்ளியைக் கண்டதும் சொல் முடிந்தது என்று நினைத்து இரண்டாக வெட்டிவிடும். இங்கே கிரெப்தான் ராசா. பாமினித் தட்டச்சில் அந்தச் சொல்லுக்கு எந்த ஆங்கில விசைகளை அழுத்துவீர்களோ, அதையே ஒற்றை மேற்கோளுக்குள் தட்டுங்கள். மேற்கோள் முக்கியம், இல்லாவிட்டால் ஷெல் அரைப்புள்ளியைக் கட்டளை முடிவு என்று எடுத்துக்கொள்ளும்.

வாசிக்க வேண்டுமென்றால் கடிதத்தின் எழுத்தைக் கொப்பி எடுத்து ஏதாவது பாமினி-யூனிகோட் மாற்றியில் ஒட்டுங்கள். மூலக் கோப்பை மாற்றாதீர்கள்.


மூலப்பிரதி | 18ஆம் திகதி, இரவு 10:05

"தோம்"முக்கு 212. "தோம்பு" என்று மட்டும் போட்டபோது 90 வந்தது. நம் மொழிக்கு உருபு இல்லாமல் தேடக் கேட்பது, தலையை மட்டும் வைத்துக்கொண்டு ஆளைத் தேடுகிற மாதிரி. போகட்டும்.

அண்ணருடைய பாமினிக் கடிதத்தில் "அம்மா" என்று தேடினேன். விரல் தானாகவே பழைய விசைக்குப் போனது. பதினைந்து வருடமாகப் பாமினி தட்டவில்லை.


இடியப்பச்சிக்கல் | 19ஆம் திகதி, காலை 8:30

ஐயா, கடிதம் போய்ச் சேர்ந்துவிட்டது, ஆனால் முகவரி மாறியது யாருக்குத் தெரியும்? இதுதான் பலர் மறக்கிற இடம். நொட்மச்சே உதவும். நொட்மச் அட்ரஸ் என்ற கட்டளையில் அவுட்புட்டுக்கு சென்டர், இன்னொரு அவுட்புட்டுக்குக் கவுண்ட் என்று கொடுத்து, திகதியைக் கடைசி மூன்று வருடத்துக்குச் சுருக்கி, சோர்ட் போட்டு அடுக்குங்கள். யார் எத்தனை தடவை எழுதினார்கள் என்று வரும்.

அந்தப் பட்டியலில் மனிதர்களைவிட "பதில் அனுப்ப வேண்டாம்" என்ற பெயரில் எழுதுகிறவர்களை முதலில் பாருங்கள். வங்கி, டொமைன் பதிவு, மின்சாரப் பில், காப்புறுதி. இந்த இடங்களில் முகவரியை மாற்ற வேண்டுமென்றால் அநேகமாகப் பழைய முகவரிக்குத்தான் ஒரு குறியீடு அனுப்பி உறுதிப்படுத்துவார்கள். பெட்டி மூடிய பிறகு அந்தக் குறியீட்டை வாங்க முடியாது. 30க்கு முன்னால் முடிக்க வேண்டியது கடிதம் இல்லை, இதுதான். புதிய டொமைனின் தொடர்பு முகவரியாகப் பழைய இமெயிலைக் கொடுத்து வைத்திருக்கிறீர்களா என்றும் பாருங்கள். அதைச் செய்யாத ஆளை நான் கண்டதில்லை.


தெமட்டகொட_சந்தி | 19ஆம் திகதி, மதியம் 1:12

புதிய முகவரியைத் தமிழிலேயே வைத்திருக்கலாமே. .இலங்கை டொமைன் 2010இலிருந்து இருக்கிறதுதானே?


பாணும்பருப்பும் | 19ஆம் திகதி, மதியம் 1:40

இருக்கிறது. தமிழ் எழுத்தில் இமெயில் முகவரிக்கான தரமும் 2012இல் வந்துவிட்டது. ஆனால் முகவரி எழுதச் சொல்லும் படிவங்களில் அதை ஏற்காதவை இன்னும் நிறைய. இரண்டாவது முகவரியாக வைத்துக்கொள்ளலாம், தொழிலுக்கு வேண்டாம்.


மூலப்பிரதி | 26ஆம் திகதி, இரவு 9:30

பட்டியலில் 1,140 முகவரி வந்தது. அதில் பதில் அனுப்ப வேண்டாதவர்கள் 61. தங்கச்சி சொன்னது அப்படியே நடந்தது: புதிய டொமைனுக்குத் தொடர்பு முகவரி பழைய இமெயில்தான். பூட்டின் சாவியை உள்ளே வைத்துப் பூட்டியிருப்பேன். வங்கி ஒன்றில் ஆளே நேரே வர வேண்டும் என்றார்கள், போய் இரண்டு மணி நேரம் நம்பர் துண்டோடு இருந்துவிட்டு மாற்றி வந்தேன். 61இல் இன்னும் நாலு மிச்சம்.

மனிதர்களில் கடைசி மூன்று வருடத்தில் இரண்டு தடவைக்கு மேல் எழுதிய 318 பேருக்கு மட்டும் கடிதம் அனுப்பினேன், ஒரு நாளைக்கு ஐம்பது என்று. ஒரே தரத்தில் அனுப்பினால் குப்பைப் பெட்டிக்குப் போகும் என்று பெறாமகன் மெல்பேர்னிலிருந்து சொன்னான். பழைய பெட்டியில் தானாகப் பதில் சொல்லும் வசதி இருந்தது, அதிலும் மூன்று மொழியில் எழுதி வைத்துவிட்டேன்.

30ஆம் திகதி இரவு பதினொரு மணிக்கு எம்பிசிங்க் ஒன்று, இமேப்சிங்க் ஒன்று, கடைசியாக ஓட்டுவேன். அதுவரைக்கும் வருவதையும் அள்ளிக்கொள்ளத்தான். டார் கோப்பு இரண்டு பிரதி, ஒன்று வெளி டிஸ்க்கில், மற்றது தங்கை வீட்டு அலுமாரியில், காணி உறுதிகளோடு.

வாசல் போர்டு எழுதுகிறவர் சனிக்கிழமை வருகிறார். பழைய முகவரியைச் சுரண்டி எடுக்கட்டுமா, மேலே பெயின்ட் அடிக்கட்டுமா என்று கேட்டார். மேலே அடியுங்கள் என்றேன்.